பாசி மண் இல்லையாம்

அண்ணி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். முதலில் அண்ணனுக்கு, பிறகு அவனோடு பனிமான் மேய்க்கும் இரண்டு பேருக்கு, கடைசியில் தனக்கு. கெண்டியைத் திரும்ப அடுப்பின்மேல் வைத்தாள். என் கிண்ணம் என் முன்னால் காலியாகக் கிடந்தது.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எங்கள் தூந்திரப் பனிவெளியில் கூடாரத்துக்குள் நுழைந்தவன் அபராதம் போட வந்த அதிகாரியாகவே இருந்தாலும் முதல் கிண்ணம் அவனுக்குத்தான். நானோ ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறேன். ஹெலிகாப்டர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து சதுப்பில் முழங்கால் புதைய நடந்து வந்திருக்கிறேன். நானே எழுந்து கெண்டியை எடுக்கப் போனேன்.

"அது ஆறிப்போச்சு," என்றாள் அண்ணி அன்ஃபீஸா. கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"என்ன அண்ணி கோபம்?"

"எனக்கென்னடீ கோபம். படிச்ச நாத்தனார் சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க மேடு செத்துப்போச்சாமே. சாவுக்கு வந்தவளுக்கு டீ எதுக்கு?"

மேய்க்கிறவர்கள் இருவரும் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாய்களைப் பார்க்கப் போகிறோம் என்று முனகிக்கொண்டு வெளியேறினார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை லூக்கா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

அண்ணன் ப்ரோகோப்பி மான்தோலுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவி என் மடியில் போட்டான். ஒவ்வொரு கூடாரத்துக்கும் சாலை போடும் கம்பெனிக்காரர்கள் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் ஊர்மன்றத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். குஷ்முசூர் மேட்டைத் தோண்டிச் சாலைக்குச் சரளை எடுக்கப் போகிறார்கள். அதற்கான அறிக்கையின் சுருக்கம் அது. நடுவில் யாரோ நகத்தால் கீறி வைத்திருந்த வரியைப் படித்தேன். 'குஷ்முசூர் மேட்டு மண்ணில் சிற்றுயிர்கள் ஏறக்குறைய இல்லை. உயிர்வள மதிப்பு மிகக் குறைவு.' அதற்குக் கீழே, 'மண்ணுயிர்களை எண்ணியவர்: உல்யானா வோகுயேவா.'

உல்யானா வோகுயேவா நான்தான்.

இரண்டாம் முறை படித்தேன். மூன்றாம் முறையும் படித்தேன்.

"இதை நான் சொல்லல," என்றேன்.

"உன் பேர் இருக்கே," என்றான் அண்ணன்.

"பேர் என்னோடது. எண்ணினதும் நான்தான். ஆனா இதை நான் சொல்லல."

"அப்ப உன் பேரு தானா நடந்து போய் அங்க உக்காந்துச்சா?"

அந்த மேட்டைப் பற்றி அண்ணனுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதத்தில் சுற்றிலும் இடுப்பளவு பனி கிடக்கும்போது, காற்று சீவித் தள்ளிவிடுவதால் அந்த முகடு மட்டும் கருப்பாக வெளியே தெரியும். சினைமான்கள் தாமாகவே அங்கே ஏறிவிடும். கன்று ஈரத்தோடு விழுந்தாலும் காய்ந்த தரையில் விழும். மேடு போனால் பள்ளத்துப் பனிச்சேற்றில்தான் ஈன வேண்டும். மேட்டை எட்ட முடியாமல் அப்படி ஈன நேர்ந்த ஒரு வருடம் அண்ணனும் அவன் கூட்டமும் கன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து எரித்தார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

போன கோடையில் எங்கள் ஆய்வு நிலையம் அந்த மேட்டில் மண் எடுத்தது. உருளைக் கத்தியால் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டாகப் பிரித்தேன். மேலே பாசியும் வேரும் மக்கலுமாக ஓர் அடுக்கு. கீழே களிமண். நகரத்துக்குக் கொண்டுபோய், புனலில் வைத்து, மேலே சிறு விளக்கைக் கட்டி, மெல்ல மெல்லச் சூடாக்கி, வெப்பத்துக்குப் பயந்து கீழே இறங்கிய பூச்சிகளைச் சாராயத்தில் பிடித்து, குளிர்காலம் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து எண்ணினேன். மேலடுக்குக்கு ஓர் அட்டவணை, கீழடுக்குக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் என் தலைவர் அர்க்காதி விலேனோவிச்சிடம் கொடுத்தேன். மேலடுக்கில் உயிர்கள் மொய்த்தன. கீழே களியில் ஒன்றிரண்டு. அவர் மேலடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழடுக்கை மட்டும் அறிக்கையில் போட்டிருக்கிறார். வீட்டுக்காரர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் யாருமே இல்லை என்று எழுதுவதுபோல.

"அண்ணா, வண்டியைக் கட்டு. மேட்டுக்குப் போகணும்."

"எதுக்கு? செத்ததைப் பாக்கவா?"

"கட்டுறியா இல்லையா?"

கட்டினான். என் தொண்டை கிழிவதைக் கேட்டு நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன.

மான்கள் சறுக்குவண்டியைப் பனியில்லாத தரையில், குட்டை பிர்ச் புதர்களுக்கு மேலாக இழுத்துப்போயின. ஆகஸ்ட் கடைசி. இலைகள் செம்பு நிறத்துக்கு வந்துவிட்டன. எனக்கு அழகு எதுவும் கண்ணில் படவில்லை. அர்க்காதி விலேனோவிச் பேனாவை மூடி வைத்து, கண்ணாடியைத் துடைத்து, அந்த வரியை எழுதியிருக்கும் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது.

மேட்டில் ஏறியதும் மண்டியிட்டுக் கத்தியை எடுத்தேன்.

"இங்க பாரு. இந்தத் திண்டு மாதிரி எழும்பி இருக்கே, பிர்ச் வேரோட, இதுல ஓடு போர்த்தின உண்ணிப் பூச்சிங்க கூட்டமா இருக்கும். வாலைத் தட்டித் துள்ளுற பூச்சிங்களும் உண்டு. வெயில் படற பக்கத்துலதான் நெரிசல். அந்தப் பள்ளத்துல ஈரப்பாசி கிடக்குல்ல, அங்க வெள்ளையா நூல் மாதிரி புழு."

"அந்த மொட்டை இடம்?"

உறைபனி கீழிருந்து பிதுக்கித் தள்ளிய வட்டமான களித்திட்டு ஒன்றைக் காட்டினான். மேட்டில் இப்படிப் பல.

"அதுல நடுவுல தேடினா ஒண்ணும் கிடைக்காது. ஓரத்துல பாசி தொடங்குற இடத்துல சந்தைக் கூட்டம். இங்க ஒரு அடி எடுத்து வச்சா பட்டணம், அடுத்த அடி பாலைவனம். ஆழமாவும் போகாது. பெருவிரல் அளவுதான். அதுக்குக் கீழ ஜூலையிலகூட விறைக்கும், இன்னும் கீழ பனிக்கட்டி. எந்தப் பைத்தியக்காரி அங்க குடும்பம் நடத்துவா?"

அண்ணன் குனிந்து பார்த்தான். வெறும் கண்ணுக்குத் தெரிய அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

"உள்ளங்கை அளவுல எத்தனை இருக்கும்?"

"ஐந்நூறு. நல்ல இடமா இருந்தா அதுக்கும் மேல."

"வரி கட்டுமா?"

"கட்டாது."

"அப்ப எவன் அதுங்களுக்காக வந்து பேசப் போறான்." பாசியை விரலால் கிளறிவிட்டு, "சரி, அதெல்லாம் இங்க இருந்து என்ன பண்ணுது?" என்றான்.

"செத்த இலையைத் தின்னு எருவாக்குது. அது இல்லன்னா பாசி இல்ல, புல் இல்ல. உன் மான் கல்லைத்தான் நக்கணும்."

"இதை ஏன் அந்தக் காகிதத்துல எழுதல?"

அதற்குப் பதில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் வரும் என்பதால் கத்தியைத் தரையில் இறக்கினேன். மூன்று துண்டுகள் வெட்டினேன். வேர்த்திண்டில் ஒன்று, பள்ளத்து ஈரப்பாசியில் ஒன்று, மொட்டைக் களித்திட்டின் நடுவில் ஒன்று. மூன்றையும் தனித்தனித் துணிப்பைகளில் போட்டேன். கைப்பெட்டியில் என் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தது. நாளைக்குக் கூட்டத்தில் ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராக அதைப் பிடிப்பேன். பாருங்கடா, துள்ளுகிறது பாருங்கள் என்று சொல்வேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தேன்.

பைகளைக் கூடாரத்து வாசலுக்கு உட்புறம், குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். அந்தப் பைகளில் என்ன இருக்கிறது என்று அண்ணியிடம் நான் சொல்லவில்லை. அவள்தான் என்னோடு பேசவில்லையே.

காலையில் அடுப்புச் சூட்டில் விழித்தேன். அடுப்புக்கு மேலே மீன் காயப்போடும் கொம்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பஞ்சுபோலத் தொங்கியது. அண்ணி தொட்டிலருகே உட்கார்ந்து லூக்காவின் ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொம்பிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். விரலால் பிய்த்து மிருதுவாக்கி, குழந்தையின் இடுப்புக்கு அடியில் பரப்பி, மேலே தோலைச் சுற்றிக் கட்டினாள்.

எழுந்து வாசலுக்குப் போனேன். ஒரு பை காலியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் காலி. மூன்றாவதில் மட்டும் ஏதோ இருந்தது.

"அண்ணி, என் பையில இருந்த பாசி எங்க?"

நான் வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் இளக்கம் இருந்ததுதான் கொடுமை.

"பாத்தேன். நல்ல பாசியாத்தான் பொறுக்கிட்டு வந்திருக்க. குச்சி இல்லாம, சுத்தமா. பிள்ளைக்குன்னு கொண்டு வந்தியே, வாயைத் திறந்து சொன்னா என்னவாம். நானும் நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பாசியில்தான் கிடந்து வளர்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சும், நாறாது, தோல் புண்ணாகாது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவள் ஒரு பை பாசி எடுத்துப் போவாள். பேசாமல் வாசலில் வைத்துவிட்டு உட்காருவாள். அதுதான் முறை. நான் சரியாக அதையேதான் செய்திருக்கிறேன்.

"அந்த வேர்க்கட்டி?"

"அது எதுக்குக் கொண்டாந்தன்னு தெரியல. அடுப்புப் பத்தவைக்க ஆச்சு. நல்லா எரிஞ்சுது."

"அய்யோ அண்ணி. அதுல இருந்ததெல்லாம் உயிரோட இருக்கணும். அதைத்தான் இன்னிக்குக் கூட்டத்துல காட்டணும். மேட்டைக் காப்பாத்த அதுதான் சாட்சி. ராத்திரி பூரா அடுப்பு மேல போட்டு வறுத்துட்டீங்களே."

"வறுத்தேனா? காயப்போட்டேன். ஈரப்பாசியையா பிள்ளைக்கு வைப்பாங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, பேரை எழுதிக் கொடுக்கும்போது?" இளக்கம் போன வேகத்தில் அவள் முகம் மூடிக்கொண்டது. "தொட்டில் இருக்கிற வீட்டுல வாசல்ல பாசியைக் கொண்டாந்து வச்சிட்டு, அது பிள்ளைக்கு இல்ல, அதிகாரிக்குங்கறா. பிரிச்சுப் பாருடீ, உன் சாட்சிங்க ரெண்டு மூணு இன்னும் இருக்கும். லூக்கா இப்பதான் நனைச்சிருக்கான், தாகத்துக்கு ஆகும்."

அண்ணன் சிரிப்பை அடக்கப் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டான். அவனை உதைத்தேன். உண்மையிலேயே உதைத்தேன்.

மூன்றாவது பையைத் திறந்தேன். களித்திட்டின் நடுவில் வெட்டிய மொட்டைக் கட்டி அப்படியே பத்திரமாக இருந்தது. மேடு முழுக்கத் தேடினாலும் உயிரில்லாத இடமாகப் பார்த்து எடுத்தது. அர்க்காதி விலேனோவிச்சின் அறிக்கைக்குச் சாட்சி சொல்ல அதைவிட நல்ல கட்டி கிடைக்காது. மறுபடி மேட்டுக்குப் போக நேரமில்லை. கூட்டத்துக்கு ஆள் ஏற்றக் கம்பெனி அனுப்பிய சங்கிலிச் சக்கர வண்டி ஏற்கெனவே வெளியே உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறினோம். அண்ணி குழந்தையோடு ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஊர்மன்றத்துப் படிக்கட்டில் அர்க்காதி விலேனோவிச் மீன் அப்பம் தின்றுகொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் பிட்டு நீட்டினார். என் முதல் களப்பயணத்தில், பூட்ஸ் ஒழுகுகிறது என்று தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்த மனிதர்.

"மேலடுக்கு எங்க, அர்க்காதி விலேனோவிச்?"

"காலை வணக்கம், உல்யானா பெத்ரோவ்னா," என்று என் அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக அழைத்தார். "சாப்பிடுங்க. நான் உங்க எண்ணுல ஒண்ணைக்கூட மாத்தல."

"பெரிய எண்ணையெல்லாம் எடுத்துட்டீங்க."

"அது பாசியில இருந்த எண்ணு. கேட்டது மண்ணைப் பத்தி. மண் பாசிக்குக் கீழதான் தொடங்குது. கையேட்டுல இருக்கு. மேல கிடக்கிற செத்தையை விலக்கிட்டு மண்ணை எடுக்கணும்."

"அந்தக் கையேடு தெக்க கோதுமை வயலுக்கு எழுதினது. அங்க மண்புழு ஒரு முழம் கீழ போகும். இங்க எல்லாமே பாசிக்குள்ளதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கையேடு நாட்டுக்கு எழுதினது. தூந்திரத்துக்குத் தனியா இன்னும் யாரும் எழுதல. நீங்க எழுதுங்க, நான் சந்தோஷப்படுவேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த மேடு இல்லன்னா அவங்க வேற மேட்டைத் தோண்டுவாங்க. நாம முடியாதுன்னா வேற நிலையம் எழுதிக் கொடுக்கும். நம்ம பிள்ளைங்க ஆறு பேரு ஆய்வகத்துல சம்பளத்தை நம்பி இருக்காங்க. அதையும் யோசிங்க. மண்ணுப்பூச்சிக்காக யாரும் இவ்வளவு கத்தறதில்ல."

கதவருகே திரும்பி, "அந்த மேட்டுப் பேரே குஷ்முசூர்தானே. மொட்டை மேடுன்னு உங்க தாத்தாமாரே பேரு வச்சிருக்காங்க," என்று சிரித்தபடி உள்ளே போனார். படிக்கட்டில் அவர் வைத்துவிட்டுப் போன அப்பத் துண்டைக் காலால் தள்ளினேன். ஒரு நாய் எடுத்துக்கொண்டது.

மன்றத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அலுவலர் ராயிஸா மகாரோவ்னா, பக்கத்தில் கம்பெனிப் பொறியாளர் மால்ட்செவ், கடைசியில் என் தலைவர். மால்ட்செவ் சின்ன வயது. புதுச் சட்டை. எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினான். ஒவ்வொரு மேய்ச்சல் கூட்டத்துக்கும் குளிர்காலத்துக்கான டீசல் உண்டு, ஆற்றங்கரையில் பீப்பாய்கள் இறங்கிவிட்டன என்று முதலிலேயே சொன்னான். அண்ணன் தலை லேசாக அசைந்ததைப் பார்த்தேன். அவன்மேலும் எரிச்சல் வந்தது.

அறிக்கையை அர்க்காதி விலேனோவிச் வாசித்தார். என் பெயர் வந்ததும் நிறையத் தலைகள் திரும்பின. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஒருத்தி தரையைப் பார்த்தாள். எழுந்தேன்.

"நான்தான் அந்த உல்யானா வோகுயேவா. இது பாதி அறிக்கை. பூச்சிங்க இருந்த பாதியைக் கழிச்சிட்டு, இல்லாத பாதியை வாசிக்கிறாங்க."

ஒத்திகை பார்த்த பேச்சு எங்கேயோ போய்விட்டது. தாறுமாறாகச் சொன்னேன். பாசிக்குள் இருப்பதைச் சொன்னேன், களியில் இல்லாததைச் சொன்னேன். உருளைக் கத்தி, புனல், சிறு விளக்கு எல்லாம் வந்தன. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டான். ராயிஸா மகாரோவ்னா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மேட்டுல எடுத்தது ஏதாவது கையில இருக்கா? எங்களுக்குக் காட்ட முடியுமா?" என்றாள்.

பையில் இருப்பது என்னவென்று தெரிந்தும், கேட்டபிறகு எடுத்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அர்க்காதி விலேனோவிச் முந்திக்கொண்டு என் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கினார். களிக்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே," என்றார், வருத்தப்படுகிற குரலில்.

"மீதிச் சாட்சி என் மகன் இடுப்புல இருக்கு," என்று பின்னாலிருந்து அண்ணியின் குரல். "வேணும்னா அவுத்துக் காட்டுறேன்."

மன்றமே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். காது கொதித்தது. உட்கார்ந்துவிடலாம் என்று கால்கள் சொன்னதும் கால்கள்மேலும் கோபம் வந்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று மால்ட்செவ் எழுந்தான். நல்ல மனம் கொண்டவன். நிலைமையை ஆற்ற நினைத்தான்.

"யாரும் கவலைப்பட வேண்டாம்ங்க. நாங்க மேட்டை அப்படியே விட்டுட்டுப் போயிடமாட்டோம். தோண்டறதுக்கு முன்னாடி வளமான மேல்மண்ணைத் தனியா வாரி எடுத்துக் குவிச்சு வைப்போம். வேலை முடிஞ்சதும் அதையே திரும்ப விரிச்சிடுவோம். சட்டமே அப்படித்தான் சொல்லுது. உயிருள்ள மண்ணு, சீக்கிரம் பச்சை பிடிச்சிடும்."

"எந்த மேல்மண்?" என்றேன்.

"மேட்டுல மேல இருக்கிறதுதான்."

"மேட்டுல மேல என்ன இருக்கு?"

"பாசி... பாசி, வேரு, மக்கு. எல்லாம் சேர்ந்த அடுக்கு."

"அது மண்ணா?"

"பின்ன?" அவனுக்கு என் கேள்வி உண்மையிலேயே புரியவில்லை. "அதுலதானே உயிரே இருக்கு. அதுக்குக் கீழ வெறும் களி, அப்புறம் சரளை. எங்களுக்கு வேண்டியது சரளைதான்."

அர்க்காதி விலேனோவிச் மால்ட்செவின் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். அந்தப் பையனோ இன்னும் நின்றுகொண்டு, தான் சொன்னது எதில் தப்பு என்று தேடிக்கொண்டிருந்தான்.

நான் மேடைக்குப் போனேன். நடந்தது நினைவில்லை. நிற்கும்போது அர்க்காதி விலேனோவிச்சின் முகத்துக்கு மிக அருகில் நின்றிருந்தேன்.

"இப்ப நீங்க சொல்லுங்க. வாரி எடுக்கும்போது அது வளமான மண். எண்ணும்போது மட்டும் அது செத்தை. ஒரே மேடு, ஒரே அறிக்கை. பக்கத்தைப் புரட்டினதும் மண்ணு பாசியாயிடுமா?"

"அது வேற விதிமுறை, இது வேற விதிமுறை," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"மான் ஈனறது எந்த விதிமுறையில வரும், அர்க்காதி விலேனோவிச்?" என்று கேட்டான் அண்ணன். எழுந்திருக்கக்கூட இல்லை. இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் பாய்ந்தது. பாதியிலேயே அது சிரிப்பாக இல்லாமலும் போனது. சுவரோரம் நின்றவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். ஒருவன் நாற்காலியை உதைத்தான். என்னோடு படித்தவள் அறிக்கைப் பிரதியைக் கசக்கி மேடையை நோக்கி எறிந்தாள். அது மால்ட்செவின் தோளில் பட்டு விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்து மேசையில் நீவி வைத்தான்.

ராயிஸா மகாரோவ்னா பேனாவால் மேசையைத் தட்டினாள். "உல்யானா பெத்ரோவ்னா. எண்ணினவர் நீங்க. அறிக்கையில இருக்கிறது உங்க முடிவுதானா, இல்லையா? நான் எழுதணும்."

"யோசிச்சுப் பேசுங்க," என்றார் அர்க்காதி விலேனோவிச். "இதைச் சொன்னா நாளைக்கு நீங்க வந்து உக்கார நம்மகிட்ட மேசை இருக்காது. நான் நினைச்சாலும் முடியாது."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஒன்றரை நிமிடம் வாசித்து ஒரு மேட்டைச் சாகடித்தவருக்கு என் மேசையைப் பற்றி வருத்தப்பட நேரம் இருந்தது. எனக்கு அந்தக் கணத்தில் மிச்சமிருந்த பயமும் எரிந்துபோனது.

"இல்ல," என்றேன். "எழுதிக்குங்க. என் பேர்ல போட்ட முடிவை நான் ஏத்துக்கல. அந்த மேட்டோட மேல் அடுக்கை எண்ணாம யார் என்ன சொன்னாலும் அது பொய். என் பேரை எடுத்துடுங்க."

அவள் எழுதினாள். எண்ணியவரே ஏற்காத பகுதியை வைத்துக் கூட்டத்தை முடிக்க முடியாது என்றாள். அடுத்த கோடையில் வேறு ஆட்கள் வந்து, மால்ட்செவ் சொன்ன அந்த மேல்மண்ணையும் சேர்த்து எண்ண வேண்டும், அதுவரை மேட்டில் மண்வெட்டி படக்கூடாது. இவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே கதவைத் தள்ளி வெளியேறினார்கள்.

மாலைக்குள் ஆற்றங்கரையிலிருந்த டீசல் பீப்பாய்கள் படகில் திரும்ப ஏறின. நகரத்துக்குப் போகும் ஹெலிகாப்டரின் பட்டியலில் என் பெயர் இல்லை என்று விமானி சொன்னான். அர்க்காதி விலேனோவிச் சன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி வண்டி எங்களைத் திரும்பக் கொண்டுவிட மறுத்துவிட்டது. அண்ணன் ஊரிலிருந்த ஒரு சொந்தக்காரனிடம் மான்களையும் சறுக்குவண்டியையும் கடன் வாங்கி வந்தான். நானும் அண்ணியும் குழந்தையும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அவன் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு ஓட்டினான்.

ஊர் பின்னால் மறைந்தது.

"டீசல் போச்சு," என்றான் அண்ணன்.

"மேடு இருக்கு," என்றேன்.

"ஒரு வருஷத்துக்கு இருக்கு. அடுத்த கோடையில கத்தாத ஒருத்தியைக் கூட்டிட்டு வருவாங்க. அவளும் பாசியை உதறிட்டுக் களியை எண்ணுவா."

"அப்ப நீ பக்கத்துல நின்னு பாரு. பாசியைத் தூக்கி எறிஞ்சா கையைப் பிடி."

"நான் எதுக்கு நிக்கணும்? எனக்கு மான் இருக்கு. உனக்குத்தான் இனி வேலை இல்லையே, நீ வந்து நில்லு."

"ஒரு வருஷம் இங்க உக்காந்து என்னத்தைத் திங்கறது?"

"நாங்க திங்கறதை," என்றாள் அண்ணி. குழந்தையின் முகத்திலிருந்த கொசுவை ஊதிவிட்டாள். "ஆனா சொல்லிட்டேன், பையில என்ன கொண்டாந்தாலும் முதல்ல வாயைத் திறந்து சொல்லணும். இல்லன்னா மறுபடி அடுப்புதான். உன்மேல எனக்கு இன்னும் கோபம் தீரல."

"எனக்கும் உங்கமேல தீரல."

"ரொம்ப நல்லது."

வண்டி ஒரு திண்டில் ஏறி இறங்கியது. லூக்கா அழுதான். தோண்டப் போகிறவன்கூட அது உயிருள்ள மண் என்கிறான், தோண்டச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் செத்தை என்கிறார். 'மண்ணுப்பூச்சிக்காக யாரும் இவ்வளவு கத்தறதில்ல' என்று அவர் சொன்னபோது படிக்கட்டில் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே நல்ல பதில்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மேலும் மேலும் நன்றாகவும், மேலும் மேலும் சத்தமாகவும் வந்தன.

"உல்யானா," என்றான் அண்ணன், கடிவாளக் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி. "மான் மிரளுது. திட்டறதா இருந்தா மெதுவாத் திட்டு."

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். நிறுத்தவில்லை.